பணிக்கர் வாத்தியாரும் படிக்க முடியாத எழுத்தும்

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?"

தண்டையார்பேட்டையில், நல்லா வரையத் தெரிந்த எந்தப் பையனும் பொண்ணும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஷிப்ட்டுக்குப் போய் வந்த வீடுகள் இவை. மாசம் முதல் தேதி வந்தால் கையில் என்ன நிற்கும் என்பதுதான் இங்கே முதல் கணக்கு. என் தலைமுறையில் அந்தக் கணக்குக்குக் கிடைத்த விடை பி.இ. நானும் அந்த வழியில் வந்தவன்தான். கை நல்லா ஓடுகிற சிலர் கடைப் போர்டு எழுதப் போனார்கள், கட்-அவுட் வரையப் போனார்கள். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. அந்த வேலையும் போனது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பற்றி நான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓவிய உலகத்தில் அவர் பெரிய பெயர். ஆனால் என்னை அவரிடம் இழுத்தது அவருடைய ஓவியம் மட்டும் இல்லை. மேலே உள்ள கேள்வியை ஒரு வாத்தியாராக நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு, அதற்கு நடைமுறையில் ஒரு விடையைக் கட்டிக் காட்ட முயன்றவர் அவர். அந்த விடை எப்படி வேலை செய்தது, எங்கே தடுமாறியது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். ஓவியம் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

தந்தித் துறையில் இருந்து

பணிக்கர் 1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் மலபார்க் குடும்பம். வாய்க்கால், தென்னை, ஈர மண், பளிச்சென்ற பச்சை என்று இளமையில் பார்த்த கேரளக் கிராமக் காட்சிகள் அவர் கண்ணில் அப்படியே தங்கிவிட்டன. ரொம்பச் சின்ன வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரைய ஆரம்பித்துவிட்டார். பதினேழு வயதிலேயே சென்னையில் நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன.

இவ்வளவு திறமை இருக்கிற பையன் நேராக ஓவியப் பள்ளிக்குப் போயிருப்பான் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. தந்தை இறந்தார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய பொறுப்பு தலையில் விழுந்தது. படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கு ஐ.டி. வேலை எப்படியோ, அன்றைக்கு அது அப்படி ஒரு பாதுகாப்பான உத்தியோகம். அதை விட்டுவிட்டு 1936-ல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. கூடப் படித்தவர்களில் பலர் அவரைவிடச் சின்னவர்களாக இருந்திருப்பார்கள். 1940-ல் டிப்ளோமா. அடுத்த வருஷமே அதே பள்ளியில் ஆசிரியர்.

இந்தத் தந்தித் துறை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாத கலைஞன் என்ன ஆவான் என்பது இவருக்குப் புத்தக அறிவு இல்லை. அந்தப் பயத்தோடு வாழ்ந்து பார்த்தவர்.

பெரியமேட்டுப் பள்ளி

பணிக்கர் படித்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரி என்று பெயர். பெரியமேட்டில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் செங்கல் நிறக் கட்டடங்களோடு இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான்.

இதன் வேர் நம்ம வடசென்னைப் பக்கம் இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். சில வருஷங்களில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய ஓவியப் பள்ளிகளில் இதுதான் மிகப் பழையது.

ஆனால் அந்தப் பள்ளி முதலில் நாம் இன்று நினைக்கிற அர்த்தத்தில் "ஓவியர்களை" உருவாக்குவதற்காக வந்தது இல்லை. மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம், செதுக்கு வேலை மாதிரியான கைத்தொழில்களை வளர்ப்பது பெரிய நோக்கமாக இருந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் சோதனைகளை இந்தப் பள்ளியில்தான் நடத்தினார். நம் வீட்டு அலுமினியக் குண்டானின் பூர்வீகத்தில் ஒரு ஓவியப் பள்ளி இருக்கிறது!

"கைவினை ஒரு பக்கம், கலை ஒரு பக்கம்" என்று கோடு போடாத ஒரு இடம் இது. இந்தப் பின்னணி பின்னாடி ரொம்ப முக்கியமாகப் போகிறது.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தார். அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலை இருக்கே, அதைச் செய்தவர் அவர்தான். 1957 வரை, சுமார் 28 வருஷம் பள்ளி அவர் கையில் இருந்தது. அவர் வந்த பிறகுதான் தொழிற்பள்ளிச் சாயல் குறைந்து, ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. பணிக்கர் அவருடைய மாணவர்.

1944: ஒரு சங்கம்

பணிக்கரின் ஆரம்ப கால வேலைகள் நீர்வண்ணத்தில் வரைந்த நிலக்காட்சிகள். தண்ணீரில் வெளிச்சம் விழுவது, தோப்பு, படகு, வேலை செய்கிற ஜனங்கள். நீர்வண்ணத்தில் தப்பு செய்தால் அழிக்க முடியாது. தாளின் வெள்ளையையே வெளிச்சமாக விட்டுவைக்க வேண்டும். எங்கே கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கணும். அதில் அவர் கை தேர்ந்தவர். பேசாமல் அதையே செய்துகொண்டு இருந்திருந்தாலும் மரியாதையான ஓவியராக இருந்திருப்பார்.

ஆனால் 1944-ல் அவர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்குகிறார். சென்னையின் இளம் கலைஞர்கள் கூடிப் பேச, சேர்ந்து கண்காட்சி நடத்த ஒரு அமைப்பு. தேதியைக் கவனியுங்கள். கல்கத்தா குழு 1943. ஹுசைன், ரஸா, சூசா எல்லாரும் இருந்த பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழு 1947. இந்திய நவீன ஓவியம் என்றாலே பம்பாய்க் கதைதான் முதலில் சொல்லப்படும். அதற்கு மூன்று வருஷம் முன்னாடியே சென்னையில் இது நடந்திருக்கிறது. பின்னாளில் 1961-ல் இருந்து 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற பத்திரிகையும் இந்தச் சங்கத்தின் மூலம் வந்தது.

ஏன் சங்கம் தேவைப்பட்டது? படம் வரைவதோடு கதை முடிவதில்லை. அதை மாட்ட ஒரு சுவர், பார்க்க ஆட்கள், அதைப் பற்றி எழுத ஒரு இதழ், வாங்க ஒரு கை, இவ்வளவும் வேண்டும். அன்றைய சென்னையில் தனியார் கேலரி கலாசாரம் என்று சொல்லிக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை. சங்கீத சீசனுக்குச் சபா இருந்தது, ரசிகர் இருந்தார்கள். ஓவியத்துக்கு அந்த மாதிரி ஒரு ஏற்பாடு கிடையாது. சபா இல்லாத ஊரில் கச்சேரி பண்ணுகிற நிலைமை. பணிக்கர் எடுத்துக்கொண்ட வேலை, அந்தச் சபாவைக் கட்டுவது.

வாத்தியார் என்ன செய்தார்?

1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் பள்ளியின் முதல்வரானார். 1967 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தப் பத்து வருஷம்தான், இன்றைக்கு 'மெட்ராஸ் கலை இயக்கம்' என்று சொல்லப்படுவதன் மையம்.

ராய் சௌத்ரியின் பலம், உருவத்தை அச்சு அசலாக, தசை நரம்போடு கொண்டுவருவது. உழைப்பாளர் சிலையைப் பார்த்தாலே புரியும். பணிக்கர் அந்த அடிப்படையைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அவர் மாணவர்கள் முன்னால் வைத்த கேள்வி வேறு. "சரி, பார்த்ததை அப்படியே வரையத் தெரிஞ்சுடுச்சு. இனிமே நீ யாரு?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் அன்றைய இந்திய ஓவியர்கள் எல்லாரையும் அரித்த ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பாதை கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று, பாரிஸைப் பார்த்துப் போடுவது. பிக்காசோ, மத்தீஸ் மாதிரி இங்கேயும் செய்வது. இன்னொன்று, அஜந்தாவைத் திரும்பப் போடுவது. முதல் பாதையில் போனால் எப்போதும் இருபது வருஷம் பின்னாடி இருப்போம். இரண்டாவது பாதையில் போனால் இரண்டாயிரம் வருஷம் பின்னாடி இருப்போம். நவீனமாகவும் இருக்கணும், இந்த மண்ணுடையதாகவும் இருக்கணும். எப்படி?

1954-ல் பணிக்கர் லண்டனிலும் பாரிஸிலும் தனிக் கண்காட்சிகள் நடத்தினார். அங்கே புதுப்போக்கு ஓவியங்களை நேரில் பார்த்தது அவரைப் பலமாகப் பாதித்தது. ஆனால் திரும்பி வந்து அவற்றை அப்படியே பிரதி எடுக்கவில்லை. தென்னிந்தியாவில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். இங்கே கோடுதான் பலம் என்பது அவருக்குப் பட்டது. கோயில் சுவரோவியம், வெண்கலச் சிலையின் வெளிவிளிம்பு, வாசல் கோலம், ஓலைச்சுவடி எல்லாவற்றிலும் கோடுதான் ராஜா. மெட்ராஸ் ஓவியர்களின் வேலையைப் பார்த்தால் கோடு இவ்வளவு முக்கியமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பள்ளியில் அவரோடு இருந்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. சிற்பி எஸ். தனபால், ஓவியர்கள் ஏ.பி. சந்தானராஜ், எல். முனுசாமி என்று ஒரு பெரிய ஆசிரியர் படை. தனபால் ஓவியராக ஆரம்பித்துச் சிற்பத்துக்குப் போனவர், நடனமும் கற்றவர். இந்தக் காலத்து மாணவர்களில் ஒருவர் கே.எம். ஆதிமூலம். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தவர். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கு அவர் போட்ட படங்களைப் பத்திரிகையில் பார்த்து வளர்ந்த வாசகர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். சிறுபத்திரிகை அட்டைகளிலும் தமிழ் எழுத்துருக்களிலும் ஆதிமூலம் செய்ததற்குத் தனிப் பதிவே வேண்டும். பெரியமேட்டு வகுப்பறை இப்படித்தான் நம் வீட்டு வாரப் பத்திரிகை வரைக்கும் வந்து சேர்ந்தது.

கணக்கு நோட்டு

இப்போது எனக்குப் பிடித்த பகுதி.

1963. பணிக்கருக்கு 52 வயது. பள்ளி முதல்வர், பெயர் பெற்ற ஓவியர். இந்தக் கட்டத்தில் ஆட்கள் வழக்கமாகத் தெரிந்ததையே திரும்பச் செய்வார்கள். சந்தைக்கும் அதுதான் பிடிக்கும். அப்போது ஒரு மாணவனின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் படுகிறது. பக்கம் முழுக்க எண்கள், அல்ஜீப்ரா எழுத்துகள், முக்கோணம், வட்டம், கோணல்மாணலாகப் போகிற வரிகள். நமக்கு அது வீட்டுப்பாடம். அவருக்கு அது ஒரு ஓவியத்தின் அமைப்பாகத் தெரிந்தது. அதில் இருந்துதான் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தப் படங்களை முதன்முறை பார்ப்பவர் என்ன செய்வார் தெரியுமா? படிக்கப் பார்ப்பார். ஏனென்றால் அதில் வரிவரியாக எழுத்து இருக்கும். மலையாளம் மாதிரி தெரியும், கிட்டப் போய்ப் பார்த்தால் மலையாளம் இல்லை. ஜாதகக் கட்டம் மாதிரி சதுரங்கள் இருக்கும், அதை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது. கணக்குச் சூத்திரம் மாதிரி இருக்கும், விடை வராது. நடுவில் ஒரு மீன், ஒரு பறவை, ஒரு நாய், ஏதோ ஒரு யந்திரத் தகடு. கறுப்பு, மஞ்சள், சிவப்பு, மண் நிறம். ஒரு பழைய சுவடியையும் பள்ளிக்கூடக் கரும்பலகையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும்.

இதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று அதன் குறியீட்டு எண். 'அ' என்றால் யூனிகோடில் இன்ன எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இன்னொன்று அதன் வடிவம், திரையில் நாம் பார்க்கிற வளைவும் சுழியும். எண் இருந்து வடிவம் இல்லை என்றால் திரையில் வெறும் கட்டம் தெரியும், ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டங்கள் நல்ல பழக்கம். பணிக்கர் செய்தது இதற்கு நேர் தலைகீழ். அவருடைய எழுத்துக்கு வடிவம் இருக்கிறது, எண் கிடையாது. அர்த்தத்தை உருவிவிட்டு, எழுத்தின் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு எழுத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால், அதன் வடிவத்தைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். தமிழ் 'ழ'வை நாம் யாரும் பார்ப்பதில்லை, நேராகப் படித்துவிடுகிறோம். தமிழ் தெரியாத ஒருவர்தான் அந்தச் சுழியின் அழகைப் பார்ப்பார். பணிக்கர் நம்மை எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக ஆக்குகிறார். பாட்டி ஜாதக நோட்டைப் பக்திக் கண்ணோடு பார்ப்பாளே, உள்ளே என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல், ஆனால் ஏதோ பெரிய விஷயம் இருக்கு என்று மட்டும் தெரிந்து, அந்தப் பார்வையை நமக்குத் திரும்பத் தருகிறார்.

இன்னொன்றும் இதில் நடக்கிறது. மேலே சொன்ன 'பாரிஸா, அஜந்தாவா' சிக்கல் இங்கே அவிழ்கிறது. படம் முழுக்க அருவமானது, அதனால் நவீனம். ஆனால் அதில் உள்ள கோடு எந்த ஐரோப்பியக் கையில் இருந்தும் வந்திருக்க முடியாது. ஓலையில் எழுத்தாணி ஓடிய ஊரின் கை அது. சாமி படமோ புராணக் கதையோ போடாமலேயே "இது இந்த ஊர்ப் படம்" என்று தெரிய வைத்துவிட்டார். தந்தித் துறையில் இருந்தவர் கடைசியில் குறியீடுகளிடமே வந்து சேர்ந்தார் என்று எனக்கு ஒரு எண்ணம் வருவதுண்டு. அது வெறும் என் எண்ணம்தான், ஆதாரம் எதுவும் கிடையாது.

இந்த வரிசையை அவர் கடைசிவரை, 1977 ஜனவரியில் சென்னையில் இறக்கும்வரை, தொடர்ந்தார்.

மெழுகும் சாயமும்

சரி, சோற்றுக் கேள்விக்கு வருவோம்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து பணிக்கர் பார்த்தது இது. வருஷா வருஷம் நல்ல மாணவர்கள் டிப்ளோமா வாங்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். கொஞ்ச நாளில் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒருத்தர் விளம்பரக் கம்பெனி, ஒருத்தர் பள்ளி டிராயிங் மாஸ்டர், ஒருத்தர் சம்பந்தமே இல்லாத குமாஸ்தா வேலை. தப்பில்லை, வயிறு இருக்கிறது. ஆனால் ஐந்து ஆறு வருஷம் ஊட்டி வளர்த்த திறமை அங்கே நின்றுவிடுகிறது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட வயிற்றெரிச்சல் என்ன இருக்கும்?

அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் கண்டுபிடித்த வழி, 60-களின் தொடக்கத்தில் அவர்கள் கையில் எடுத்த கைவினை. குறிப்பாகப் பத்திக். தெரியாதவர்களுக்கு: துணியில் சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைத் தடவுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். மெழுகு உள்ள இடத்தில் நிறம் ஏறாது. அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் சுடுதண்ணீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் படம் நிற்கும். மெழுகில் விரிசல் விட்ட இடத்தில் மெல்லிய நரம்பு மாதிரி சாயம் இறங்கியிருக்கும், அதுதான் பத்திக்கின் அழகு. கோடு போடத் தெரிந்த கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. முக்கியமாக, கேன்வாஸ் ஓவியம் வாங்கத் தயங்குகிற வீட்டுக்காரர்கூட ஒரு பத்திக் துணியைத் தயங்காமல் வாங்குவார்.

ஏற்பாடு எளிமையானது. கைவினைப் பொருள் செய்து விற்க கலைஞர்களே ஒரு கூட்டுச் சங்கம் அமைத்தார்கள். விற்பதில் பெரும் பங்கு செய்தவருக்கு, ஒரு பங்கு பொதுவுக்கு. பகலில் சில மணி நேரம் கைவினை, அது வீட்டு வாடகையைப் பார்த்துக்கொள்ளும். மீதி நேரம் ஓவியம், அதை யாரும் வாங்கவில்லை என்றாலும் அடுப்பு அணையாது. ஓவியத்தைச் சந்தைக்காக வளைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. மென்பொருள் துறையில் பகலில் கம்பெனிக்குக் கோடு எழுதிவிட்டு ராத்திரி தன் இஷ்டத்துக்கு ஓப்பன் சோர்ஸ் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே அமைப்பு. ஒரே வித்தியாசம், இங்கே கம்பெனியும் அவர்களுடையதே.

பத்திக் நன்றாக விற்றது. அந்தக் காசை ஆதாரமாக வைத்து, அரசு மானியத்துக்குக் காத்திராமல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரமாகச் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலக் கலை கிராமம் பிறந்தது. அன்றைக்கு அது வெறும் மணல், சவுக்கு, பக்கத்தில் மீனவர் குப்பம். சுமார் முப்பது நாற்பது ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்தார்கள். அவரவர் மனையில் அவரவர் வீடு, பொதுவாக ஒரு கேலரி, ஒரு பட்டறை. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே.வி. ஹரிதாசன், வி. விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், பி. கோபிநாத், பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் என்று அந்தக் கிராமத்தோடு சேர்ந்த பெயர்கள் நிறைய. அடுத்த வருஷம் ஓய்வு பெற்ற பணிக்கரும் அங்கேயே இருந்தார்.

பள்ளி தொடங்கிய கதையை நினைத்துப் பாருங்கள். கைத்தொழிலுக்காக ஆரம்பித்த பள்ளி, பிறகு கலையை மேலே தூக்கி வைத்தது. பணிக்கர் அந்தக் கைத்தொழிலைத் திரும்பக் கூட்டிவந்து, "நீ கலைக்குக் கீழே இல்லை, கலையைத் தாங்குகிற தூண்" என்று இடம் கொடுத்தார்.

ராமானுஜம்

வாத்தியாராகப் பணிக்கரைப் புரிந்துகொள்ள ஒரு மாணவரைப் பற்றிச் சொன்னால் போதும். கே. ராமானுஜம். திருவல்லிக்கேணிக்காரர். பேச்சுச் சிரமம் இருந்தது, வழக்கமான படிப்பு ஏறவில்லை. அன்றைய ஊர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள் நமக்குத் தெரியும். பணிக்கர் அவருடைய கோடுகளைப் பார்த்தார். மாளிகைகள், கோபுரங்கள், பறக்கும் உருவங்கள், பாம்புகள், தொப்பி போட்ட ஒரு மனிதர் என்று ஒரு முழுக் கனவுலகம் அந்தப் பேனாவில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதை 'திருத்த' பணிக்கர் முயலவில்லை. வரைய இடம் கொடுத்தார். சோழமண்டலத்தில் வாழ இடமும் கிடைத்தது.

இந்தக் கதை நல்லபடி முடியவில்லை. 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்தில், ராமானுஜம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தங்க இடமும் வரைய நேரமும் கொடுத்தால் ஒரு கலைஞனின் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. தனிமையும் மனநோயும் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தாலும் மட்டும் தீர்க்க முடிகிற விஷயம் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வாத்தியார் கண்ணில் படாமல் போயிருந்தால் அந்தக் கனவு நகரங்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது. இன்று இந்திய நவீன ஓவியத்தில் ராமானுஜம் தவிர்க்க முடியாத பெயர்.

திட்டம் வென்றதா?

நேர்மையாகச் சொன்னால், பாதி.

வென்றது என்று சொல்ல காரணம் இருக்கிறது. உலகத்தில் கலைஞர் கிராமங்கள் பல வந்து, சண்டையிலோ கடனிலோ மூழ்கிப் போயிருக்கின்றன. சோழமண்டலம் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. ஒரு தலைமுறையே தூரிகையைக் கீழே வைக்காமல் வாழ்ந்தது.

தடுமாறியது என்று சொல்லவும் காரணம் இருக்கிறது. எல்லாரும் அங்கேயே தங்கவில்லை. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். வாசுதேவ் பெங்களூருக்குப் போனார். இன்னொரு பக்கம், 1966-ல் வெறும் மணலாகக் கிடந்த நிலம் இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. இன்று டிப்ளோமா முடித்து வருகிற ஒரு மாணவர், பத்திக் விற்ற காசில் அங்கே ஒரு சென்ட் வாங்க முடியுமா? கனவுகூடக் காண முடியாது. பணிக்கரின் சூத்திரத்தில் 'மலிவான நிலம்' என்று ஒரு மாறிலி இருந்தது. அது இப்போது மாறிவிட்டது. அதனால் அந்தச் சூத்திரத்தை அப்படியே பிரதி எடுக்க முடியாது.

ஆனால் மலிவான நிலம் போனாலும் மீதி இருக்கிறது. கலைஞர்கள் தனித்தனியாகத் தேய்வதைவிடக் கூடிச் செய்வது. சம்பாதிக்கிற வேலையும் கலை வேலையும் ஒரே கையின் இரண்டு பழக்கமாக இருப்பது. விற்பனை இடத்தைத் தாங்களே வைத்துக்கொள்வது. இது எதற்கும் ஈஞ்சம்பாக்கம் தேவையில்லை. நம்ம பக்கம் ஃப்ளெக்ஸால் வேலை போன போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகளின் கையில் இருந்த எழுத்து அழகை யாராவது இப்படி ஒரு சங்கமாகச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. ஒவ்வொருத்தரும் தனித்தனியாகத் தோற்றார்கள். கூடியிருந்தால் எல்லாரும் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. சிலராவது நின்றிருப்பார்கள்.

பணிக்கருக்கு 1976-ல் லலித் கலா அகாடமியின் கௌரவமான ஃபெலோஷிப் கிடைத்தது. அவர் இறந்த பிறகு திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் கேரள அரசு அவர் பெயரில் ஒரு தனிக் கேலரியே அமைத்தது. அவருடைய ஆரம்ப கால நீர்வண்ணத்தில் இருந்து சொற்களும் குறியீடுகளும் வரை வரிசையாகப் பார்க்க அதுதான் சரியான இடம். அந்தப் பக்கம் போனால் பத்மநாபசாமி கோயிலோடு இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலேயே பார்க்க வேண்டும் என்றால் சோழமண்டலத்தில் மெட்ராஸ் இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாயாஜால், முட்டுக்காடு என்று போகிற வழியில்தான் வரும். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பணிக்கரின் எழுத்துப் படம் ஏதாவது கண்ணில் பட்டால், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பெரியவர்கள் "ஒண்ணும் புரியலையே" என்று நகர்ந்துவிடுவோம். பிள்ளைகள் நகர மாட்டார்கள், படித்துக் காட்டுவார்கள்.

அடுத்த பதிவில் சிற்பி தனபால் பற்றி எழுதுவதாக இருக்கிறேன். பெரியமேட்டுப் பள்ளியில் படித்தவர்கள், படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வகுப்பறைக்குள் இன்றைக்கு இந்தச் சோற்றுக் கேள்வி எப்படிப் பேசப்படுகிறது என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.